தெருத்தொட்டியை எந்த முனையில் வைப்பது? புள்ளியியல் இயற்பியல் வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வார்டில் நூறு தெருமுனைகள் இருக்கின்றன. லாரித் தண்ணீர் நிரப்பி வைக்கக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் பத்துதான் கையில் இருக்கின்றன. எந்தப் பத்து முனைகளில் வைத்தால் மக்கள் குடம் சுமக்கும் தூரம் மிகக் குறையும்? நூறில் பத்தைத் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ 17 லட்சம் கோடி வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க முடியாது. கண்மதிப்பில் வைத்தால் ஒரு தெருவுக்கு வசதியாக அமையும், பக்கத்துத் தெருவுக்கு அநியாயமாக முடியும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டபோது சென்னை முழுக்க இந்தக் கேள்விதான் நடந்துகொண்டிருந்தது. பெரிய அளவிலும் அதே கேள்விதான். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரை வில்லிவாக்கத்தில் இறக்கி, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் குழாயில் அனுப்பினார்கள். ஊற்று எங்கே தொடங்க வேண்டும் என்ற முடிவு அதிலும் இருக்கிறது. கணிதத்தில் இதை வலைப்பின்னலில் மூலங்களை அமைக்கும் கணக்கு என்பார்கள். மின்சாரத் துணைநிலையம், ஆம்புலன்ஸ் நிறுத்தம், இணைய சர்வர் எல்லாம் இதே குடும்பம்தான்.

இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் இயற்பியலை, அதாவது ஏராளமான துகள்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை வாய்ப்புக் கணக்கால் பார்க்கும் இயற்பியலை, நான் பரிந்துரைக்க ஒரே ஒரு காரணம் உண்டு. மற்ற முறைகள் பெரும்பாலும் ஒரு விடையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இந்த முறை, நல்ல விடைகள் எத்தனை இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், எந்த முனை எல்லா நல்ல விடைகளிலும் வருகிறது என்று சேர்த்துக் காட்டும். தெருவில் இறங்கி வேலை செய்பவருக்கு அதுதான் தேவை. கணினி சொன்ன முனையில் மின்மாற்றி நிற்கும், கோவில் தேர் திரும்பும், லாரி உள்ளே நுழையாது. அப்போது அடுத்த நல்ல இடம் எது என்று தெரிந்தாக வேண்டும்.

முதல் படி: தெருவை வலைப்பின்னலாக வரையுங்கள்

ஒவ்வொரு தெருமுனையும் ஒரு முனை. இரண்டு முனைகளை இணைக்கும் தெரு ஓர் இணைப்பு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து வார்டின் தெருக்களை இறக்கி, பைத்தான் நிரல்மொழியில் வலைப்பின்னல்களைக் கையாளும் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பின் வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ஒவ்வொரு முனைக்கும் அதை ஒட்டிய வீடுகளின் தேவையை எழுதுங்கள். குடக்கணக்கில் எழுதினாலே போதும்.

தூரத்தை மட்டும் நேர்கோட்டில் அளக்காதீர்கள். மேற்கு மாம்பலத்துக்கும் தியாகராய நகருக்கும் நடுவில் ரயில் தடம் ஓடுகிறது. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் வீட்டுக்குப் போக, துரைசாமி சுரங்கப்பாதையையோ அரங்கநாதன் சுரங்கப்பாதையையோ சுற்றிப் போக வேண்டியிருக்கும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலும் இதே நிலைதான். நடக்கும் வழியின் தூரம்தான் கணக்கில் ஏற வேண்டும்.

தொட்டியை ஒரு தெருவின் நடுவில் வைத்தால் இன்னும் நல்ல விடை கிடைக்காதா என்று கேட்கலாம். சுமைச் செலவு தூரத்துக்கு நேர்விகிதமாக இருக்கும்வரை, தேவை முழுவதையும் முனைகளில் எழுதியிருக்கும்வரை கிடைக்காது. முனைகளிலேயே ஒரு சிறந்த விடை இருக்கும் என்று ஹக்கீமி என்ற ஆய்வாளர் ஒரு தொட்டிக்கு 1964-இலும் பல தொட்டிகளுக்கு 1965-இலும் நிறுவினார். முடிவில்லாத இடங்களைத் தேட வேண்டிய வேலை நூறு முனைகளுக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் சுலபமாகிவிடவில்லை. பொதுவான வலைப்பின்னல்களில் இது கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று கரீவும் ஹக்கீமியும் 1979-இல் காட்டினார்கள். சுழல் இல்லாத, மரம்போலக் கிளைக்கும் வலைப்பின்னலில் மட்டும் வேகமாகத் தீர்க்கலாம். இந்த விதிவிலக்கை நினைவில் வையுங்கள், ஐந்தாம் படியில் அதன் மேல்தான் நிற்கப்போகிறோம்.

இரண்டாம் படி: செலவை எழுதுங்கள்

மொத்தச் செலவுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஆகும் நிலையான செலவு ஒன்று. ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் நகர்வதால் வரும் சுமைச் செலவு மற்றொன்று. இயற்பியலில் இந்த மொத்தத்தை ஆற்றல் என்று அழைப்போம். மிகக் குறைந்த ஆற்றல் உள்ள அமைப்பே சிறந்த அமைப்பு.

சுமைச் செலவு எந்த வடிவம் என்பதில் அவசரப்படாதீர்கள். தொட்டி எங்கே போய் உட்காரும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஆட்கள் குடம் தூக்கினால் ஒரு தெருவில் பத்துக் குடம் போவதற்கு ஒரு குடத்தைப் போலப் பத்து மடங்குதான் செலவு. இது நேர்விகிதம். குழாயில் அப்படி இல்லை. ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வில் வீணாகும் திறன் இரண்டு மடங்கைவிட மிக அதிகமாகும். பொறியாளர்கள் பயன்படுத்தும் ஹேசன்-வில்லியம்ஸ் சமன்பாட்டில் அழுத்த இழப்பு ஓட்டத்தின் 1.85 அடுக்காகவும், அதனால் திறன் இழப்பு 2.85 அடுக்காகவும் ஏறும். மின்கம்பியில் இழப்பு மின்னோட்டத்தின் இருபடியாக ஏறும். கணக்குக்கு இதமானது இருபடி வடிவம் என்பதால் அதையும் நேர்விகிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.

மூன்றாம் படி: கையால் ஒரு தெரு

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். நேரான ஒரு தெருவில் 7 முனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் தேவை, அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே தூரம் 1. ஒரு தொட்டியின் செலவு 5.

முதலில் நேர்விகிதச் செலவு. ஒரே தொட்டி என்றால் 4-ஆம் முனையில் வைக்க வேண்டும். சுமை 12, மொத்தம் 17. இரண்டு தொட்டி என்றால் சுமை 6 ஆகிறது, மொத்தம் 16. மூன்று தொட்டி என்றால் சுமை 4, மொத்தம் 19. ஆக இரண்டு தொட்டிகள். தொட்டிச் செலவு 6-ஐத் தாண்டினால் ஒன்றே போதும், 2-க்குக் கீழே போனால் மூன்று லாபம். இந்த எல்லைகளில் தொட்டிகளின் எண்ணிக்கை படிப்படியாக மாறாமல் சட்டென்று தாவுகிறது. இயற்பியலில் நிலைமாற்றம் என்று சொல்வதன் சிறிய உருவம் இது.

சரி, இரண்டு தொட்டி எங்கே? 2-லும் 6-லும் வைத்தால் சுமை 6. 2-லும் 5-லும் வைத்தாலும் 6. 3-லும் 6-லும் வைத்தாலும் 6. மூன்று விடைகளும் சமம். ஒரு விடையை மட்டும் கொடுக்கும் மென்பொருள் இதை உங்களிடம் சொல்லாது.

இப்போது இருபடிச் செலவுக்கு வாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் போகும் அளவை இருபடியாக்கிக் கூட்டுங்கள், தண்ணீர் தனக்கு உகந்தபடி பிரிந்து பாயலாம். 2, 6 என்று வைத்தால் நடுவில் இருக்கும் 4-ஆம் முனை இரண்டு பக்கமும் அரைக் குடம் வாங்கிக்கொள்கிறது, மொத்தச் சுமை 7. மற்ற இரண்டு அமைப்புகளிலும் 8. சமமாக நின்றவை பிரிந்துவிட்டன.

இருபடிக் கணக்கைச் சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. தொட்டிகளைப் பூமியோடு இணைத்த மின்சுற்றாக நினைத்து ஒவ்வொரு முனைக்கும் மின்னழுத்தம் கண்டுபிடியுங்கள். தேவையை அழுத்தத்தால் பெருக்கிக் கூட்டினால் அதே சுமை வர வேண்டும். 2, 6 அமைப்பில் அழுத்தங்கள் வரிசையாக 1, 0, 1.5, 2, 1.5, 0, 1. கூட்டினால் 7. பெரிய வலைப்பின்னலிலும் ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்த்தாலே சுமை கிடைத்துவிடும், ஓட்டங்களைத் தனியாகத் தேட வேண்டாம்.

நான்காம் படி: வெப்பநிலையைக் கொண்டுவாருங்கள்

இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் விதி எளிது. ஓர் அமைப்பு தோன்றும் வாய்ப்பு, அதன் ஆற்றல் ஏற ஏற அடுக்குக்குறி வேகத்தில் குறையும். எவ்வளவு வேகம் என்பதை வெப்பநிலை சொல்லும். நம் கணக்கில் உண்மையான சூடு எதுவும் இல்லை. மோசமான அமைப்புகளை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதன் அளவுகோல்தான் அது.

இதைத் தேடலாக மாற்றியவர்கள் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகியோர். 1983-இல் வந்த அவர்களின் சிமுலேட்டட் அனீலிங் முறை (உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவைப்பதைக் கணினியில் பின்பற்றுவது), 1953-இல் மெட்ரோபொலிஸ் குழு எழுதிய விதியின் மேல் நிற்கிறது. செய்முறை இப்படி. ஏதோ ஓர் அமைப்பில் தொடங்குங்கள். ஒரு தொட்டியை வேறொரு முனைக்கு நகர்த்துங்கள், அல்லது ஒன்றைச் சேருங்கள், அல்லது நீக்குங்கள் (தொட்டிகள் பத்துதான் என்று முடிவாகிவிட்டால் நகர்த்துவது மட்டும்). செலவு குறைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏறினால், ஏறிய அளவை வெப்பநிலையால் வகுத்து, வரும் எண்ணை e-க்கு (2.718) எதிர்ம அடுக்காகப் போட்டுக் கிடைக்கும் வாய்ப்பில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். செலவு 2 ஏறுகிறது, வெப்பநிலை 2 என்றால் வாய்ப்பு 0.37. வெப்பநிலை 0.5-க்கு இறங்கிவிட்டால் அதே நகர்வுக்கு வாய்ப்பு 0.018 மட்டும். முதலில் பெரும்பாலான நகர்வுகள் ஏற்கப்படும் அளவுக்குச் சூடாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வெப்பநிலையை 0.95-ஆல் பெருக்கிக் குறையுங்கள். நூறு முனைகளுக்குச் சாதாரண மடிக்கணினி போதும். எல்லா முனைகளுக்கும் இடையிலான குறுகிய நடைவழிகளை டைக்ஸ்ட்ரா முறையில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டால் ஒவ்வொரு நகர்வும் நொடியின் சிறு பகுதியில் முடியும்.

பலர் வெப்பநிலை இறங்கி முடிந்ததும் கடைசி விடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள். வெப்பநிலையை ஒரு குறைந்த அளவில் நிறுத்தி, நிரலை நீண்ட நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு முனையிலும் எத்தனை விழுக்காடு நேரம் தொட்டி இருந்தது என்று எண்ணுங்கள். நம் 7 முனைத் தெருவில் வெப்பநிலை மிகக் குறைந்தால் 2-ஆம் முனைக்கும் 6-ஆம் முனைக்கும் மூன்றில் இரண்டு பங்கு, 3-க்கும் 5-க்கும் மூன்றில் ஒரு பங்கு வரும். 4-க்கு ஒன்றுமில்லை. இந்த எண்கள்தான் இந்த முறையின் உண்மையான விளைச்சல்.

இப்படி எண்ணும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொட்டியைப் பக்கத்து முனைக்கு மட்டும் நகர்த்தினால், பல தெருக்கள் கூடும் முனையிலிருந்து வெளியேறும் வாய்ப்பும் அங்கே திரும்பும் வாய்ப்பும் சமமாக இருக்காது. சிறந்த விடையைத் தேடும்போது இதனால் கெடுதி இல்லை, பங்குகளை எண்ணும்போது எண்களைச் சாய்த்துவிடும். எண்ணும் கட்டத்தில் எல்லா முனைகளிலிருந்தும் சம வாய்ப்பில் புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

யார் எந்தத் தொட்டிக்குப் போகிறார்கள் என்பதையும் அமைப்பின் பகுதியாக எண்ணினால் இன்னொன்று தெரிய வரும். 2, 6 அமைப்பில் 4-ஆம் முனைக்காரர் இடப்பக்கமும் போகலாம், வலப்பக்கமும் போகலாம், தூரம் ஒன்றே. எனவே அந்த அமைப்பு இரண்டு வழிகளாக எண்ணப்படும். மற்றவை ஒவ்வொன்றும் ஒரே வழி. மொத்தம் நான்கில் இரண்டு பங்கு 2, 6-க்குப் போகிறது. செலவு ஒன்றாக இருந்தும், வழிகள் அதிகம் உள்ள அமைப்பு மேலே வருகிறது. என்ட்ரோபி என்பது இந்த வழிகளின் எண்ணிக்கைதான். ஒரு தொட்டி காலியானால் இன்னொன்றுக்குப் போக வழி இருக்கும் அமைப்பை அது இயல்பாகவே விரும்புகிறது. இருபடிச் செலவு தேர்ந்தெடுத்ததும் இதே அமைப்பைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: முனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லட்டும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கேவிட்டி முறை என்று பெயர். ஒரு முனையை வலைப்பின்னலிலிருந்து எடுத்துவிட்டதாக நினைத்து, அதன் அண்டை முனைகளிடம் “நீங்கள் என்னிடம் இத்தனை குடம் வாங்கினால், அல்லது எனக்கு இத்தனை குடம் கொடுத்தால், உங்கள் பக்கத்தின் குறைந்தபட்சச் செலவு என்ன?” என்று கேட்கிறோம். பதில் ஓர் எண் அல்ல, ஒரு பட்டியல்.

அதே தெருவில், நேர்விகிதச் செலவில் இதைச் செய்து பார்ப்போம். சேதி சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான இணைப்பின் சுமைச் செலவு சேதியில் சேராது, கேட்பவர் அதைக் கூட்டிக்கொள்வார்.

1-ஆம் முனை 2-க்குச் சொல்லும் சேதி: ஒரு குடம் வாங்கினால் என் செலவு 0. வாங்காமல் இருந்தாலோ கொடுத்தாலோ நான் தொட்டி வைத்தாக வேண்டும், 5.

2-ஆம் முனை 3-க்குச் சொல்வது: இரண்டு வாங்கினால் 1. ஒன்று வாங்கினால் 5. ஒன்றும் வாங்காவிட்டால் 6. எத்தனை கொடுத்தாலும் 6.

3-ஆம் முனை 4-க்குச் சொல்வது: மூன்று வாங்கினால் 3. இரண்டு வாங்கினால் 6. ஒன்று வாங்கினாலும் 6. ஒன்றுமில்லை என்றால் 7. கொடுக்கும்போது 8.

கடைசி இணைப்பில் சுமக்கும் செலவையும் கூட்டினால் இந்தப் பட்டியல் முறையே 6, 8, 7, 7 என்றும், ஒரு குடம் கொடுத்தால் 9, இரண்டு கொடுத்தால் 10 என்றும் ஆகிறது. வலப்பக்கத்திலிருந்தும் இதே பட்டியல் 4-ஆம் முனைக்கு வருகிறது. இப்போது 4-ஆம் முனை தானே முடிவெடுக்கலாம். தொட்டி வைத்தால் 5 + 6 + 6 = 17. வைக்காவிட்டால் அதற்கு ஒரு குடம் எங்கிருந்தோ வர வேண்டும். ஒரு பக்கம் ஒன்றும் தராமல் 7, மறுபக்கம் ஒன்று தந்து 9, கூட்டினால் 16. எனவே 4-இல் தொட்டி வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் செலவு 1 கூடும் என்பதும் கூடவே கிடைத்துவிட்டது. மூன்றாம் படியில் தேடிக் கண்ட 16-ம் 17-ம் தேடாமலே வந்துவிட்டன.

கிளைகள் பிரியும் மரத்திலும் இதே விதிதான், வரும் சேதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் போதும். விடை துல்லியமானது. ஒவ்வொரு முனைக்கும் “இங்கே வைத்தால் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும்” என்ற எண் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். வெப்பநிலையோடு செய்ய வேண்டுமானால், மிகச் சிறியதை எடுக்கும் இடத்தில் போல்ட்ஸ்மன் எடைகளைக் கூட்டுங்கள்.

தொட்டிக்குக் கொள்ளளவு வரம்பு இருந்தாலும் சிக்கல் இல்லை. 5,000 லிட்டர் தொட்டி, 15 லிட்டர் குடம் என்றால் 333 குடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. ஒரு முனை தன் பட்டியலைப் போடும்போது, அங்குள்ள தொட்டி அதைத் தாண்டிக் கொடுக்க வேண்டிவரும் வழிகளுக்கு மிகப் பெரிய செலவை எழுதிவிடுங்கள். அனீலிங்கில் இதே வரம்பைச் சேர்த்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் தனியாக ஓட்டக் கணக்கு ஒன்றைத் தீர்க்க வேண்டிவரும், நேரம் பிடிக்கும்.

ஆறாம் படி: சுழல்கள்

சென்னைத் தெருக்கள் மரம் அல்ல. அண்ணா நகரின் கட்டங்களில் நான்கு தெரு நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். சேதிகளும் அப்படியே சுற்றி வந்து, ஒரு முனை தான் சொன்னதையே அடுத்தவர் சொன்னதாகக் கேட்டு நம்பிவிடும். சுழல்கள் நீளமாக இருக்கும் வலைப்பின்னலில் இந்தத் தவறு சிறியது, கட்டக்கட்டமான தெருக்களில் பெரியது.

இரண்டு கைவைத்தியங்கள் உண்டு. புதிய சேதியை அப்படியே ஏற்காமல் பழையதோடு பாதிப் பாதி கலப்பது முதலாவது, அலைபாய்வது குறையும். ஒவ்வொரு சுற்றிலும் மிகத் தெளிவாக முடிவெடுத்திருக்கும் ஒரு முனையை நிலைநிறுத்திவிட்டு மீதியை மறுபடி ஓட்டுவது இரண்டாவது. கிடைத்த விடையை அனீலிங்கின் தொடக்கமாகக் கொடுத்து மெருகேற்றுங்கள். அண்ணா நகர் போன்ற இடத்துக்கு அனீலிங்கையே முதன்மையாக நம்புங்கள் என்பது என் கருத்து. குறுகலான கிளைச் சந்துகள் நிறைந்த பழைய குடியிருப்புகளில் சேதி முறை அழகாக வேலை செய்யும்.

நிரல் எழுத நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஃப்ரேயும் டூக்கும் 2007-இல் வெளியிட்ட அஃபினிட்டி ப்ராபகேஷன் இதே சேதி முறையின் உறவு, பைத்தானின் சைக்கிட்-லேர்ன் தொகுப்பில் தயாராகக் கிடைக்கிறது. நடைதூரத்துக்கு எதிர்மக்குறி போட்டு ஒற்றுமை அட்டவணையாகவும், தொட்டிச் செலவுக்கு எதிர்மக்குறி போட்டு விருப்ப மதிப்பாகவும் கொடுங்கள். தொட்டிகளின் எண்ணிக்கையை அதுவே முடிவு செய்யும். கொள்ளளவு வரம்பையும் இருபடிச் செலவையும் அது ஏற்காது.

ஏழாம் படி: கண்ணாடி நிலையைச் சோதியுங்கள்

தொட்டிகள் தாராளமாக இருக்கும்போது கணக்கு சாதுவானது. குறையக் குறைய முரண்டு பிடிக்கும். ஹாங்காங்கில் யூங், வோங் இருவரும் 2010-இல் போக்குவரத்து வலைப்பின்னல்களில் மூலங்களை அமைக்கும் இதே கணக்கை ஆராய்ந்து, உபரி உள்ள முனைகளின் (நம் கணக்கில் தொட்டி உள்ள முனைகளின்) பங்கு குறையும்போது அமைப்பு கண்ணாடிபோன்ற ஒரு நிலைக்குள் போவதைக் காட்டினார்கள். செலவில் ஏறக்குறைய சமமான விடைகள் ஏராளமாக, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் சிதறிக் கிடக்கும் நிலை அது. ஒரு விடையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு தொட்டியை நகர்த்தினால் போதாது, பாதித் தொட்டிகளை ஒரே நேரத்தில் பெயர்க்க வேண்டும்.

இதன் உறவினக் கணக்கு ஒன்றில் எல்லை துல்லியமாகவே தெரியும். ஒவ்வொரு தெருவின் இரு முனைகளில் ஒன்றிலாவது காவலர் நிற்க வேண்டும், காவலர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. தற்செயலாக இணைத்த வலைப்பின்னலில் ஒரு முனைக்குச் சராசரியாக 2.718 இணைப்புகள் வரை எளிய கேவிட்டி முறை சரியான விடையைத் தரும் என்று வைக்டும் ஹார்ட்மனும் 2000-இல் கண்டார்கள். அதற்கு மேலே போனால் எளிய முறை உடைகிறது. அப்போது தேவைப்படும் கருவிகள் இத்தாலிய இயற்பியலாளர் பாரிசியின் ஸ்பின் கண்ணாடிக் (ஒழுங்கின்றி உறைந்த காந்தப் பொருள்கள்) கோட்பாட்டிலிருந்து வந்தவை. 2021 இயற்பியல் நோபலில் அவருக்குக் கிடைத்த பங்கு அந்த வகை ஆய்வுகளுக்காகத்தான்.

வார்டு அளவில் அந்தக் கோட்பாடு தேவைப்படாது, சோதனை மட்டும் தேவை. அனீலிங்கை வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பலமுறை ஓட்டி, கிடைத்த விடைகளை இரண்டிரண்டாக எடுத்து, எத்தனை தொட்டிகள் பொதுவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். செலவும் நெருக்கம், பொதுவான தொட்டிகளும் அதிகம் என்றால் நிம்மதி. செலவு நெருக்கமாக இருந்து இடங்கள் முற்றிலும் வேறாக இருந்தால் கண்ணாடி நிலைதான். அப்போது பங்குகளின் சராசரியை நம்பாதீர்கள். இரண்டு வேறு திட்டங்களைக் கலந்தால் மூன்றாவதாக ஒரு நல்ல திட்டம் வராது, ஏதேனும் ஒன்றை முழுமையாக எடுக்க வேண்டும்.

எட்டாம் படி: கையில் கொடுக்க வேண்டியது

வார்டு பொறியாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ வண்ண வரைபடம் ஒன்றை மட்டும் நீட்டாதீர்கள். முனைகளை மூன்றாகப் பிரியுங்கள். ஏறக்குறைய எல்லா நல்ல விடைகளிலும் தொட்டி வரும் முனைகள் முதல் வகை, இவற்றில் பேரம் வேண்டாம். சிலவற்றில் மட்டும் வருபவை இரண்டாவது. இவற்றில் எது என்பதை லாரி திரும்பும் இடம், வழுக்காத தரை, முதியவர்கள் அதிகம் இருக்கும் வீடுகள் ஆகியவற்றைப் பார்த்து மக்களே முடிவு செய்யட்டும். எதிலும் வராதவை மூன்றாவது. அங்கேதான் தொட்டி வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அதனால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்ற எண்ணைச் சேதிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு தொட்டியையும் கணக்கில் ஒருமுறை நீக்கிப் பாருங்கள். லாரி வராத நாளில் எந்த முனைக்காரர்கள் அதிகம் நடக்க வேண்டிவரும் என்ற பட்டியல் கிடைக்கும். மொத்தச் செலவு ஒன்றாக இருக்கும் இரண்டு திட்டங்களில், இந்தப் பட்டியலில் மிக நீண்ட நடை குறைவாக உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். மொத்தத்தைக் குறைக்கும் கணக்கு ஓரத்தில் இருக்கும் நாலு வீட்டைத் தயங்காமல் பலியிடும் என்பதால், செலவு எழுதும்போதே மிக நீண்ட நடைக்கு ஒரு வரம்பு வைத்துவிடுவது நல்லது. தேவை மாறும்போதும், புதிய குடியிருப்பு எழும்போதும், ஒரு தெருவுக்குக் குழாய் இணைப்பு வந்துவிட்டாலும், பழைய விடையையே தொடக்கமாகக் கொடுத்துக் குறைந்த வெப்பநிலையில் மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு தொட்டிகள் நகர்ந்தாலே போதுமானதாக இருக்கும்.